கோட்டோரம்

திருப்பூர் வந்த முதல் வாரமே
அவரைக் காற்றாலை பார்க்கக் கூட்டிப் போனார்கள்.
பல்லடம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி
"உங்க ஊராட்டவே இருக்குதுங்ளா" என்றார் முதலாளி.
நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.
தலையாட்டினார். படம் எடுத்துக்கொண்டார்.
அடுத்த வாரம் முதலாளியின் மச்சான்,
மறுபடியும் காற்றாலை.
அதற்கும் தலையாட்டினார்.

பெயர் திமென் பாக்கர்.
லிஸ்டைப் பார்த்து "நம்ம பாயா?" என்று கேட்டவன் அன்சாரி.
வண்டியிலிருந்து இறங்கியவர்
என் தோளுயரம்தான் இருந்தார்.
மூன்றாம் நாள் தீமண்ணா ஆகிவிட்டார்.

நான் மெர்ச்சண்டைசர்.
தெரிந்த டச்சு ஒன்பது சொல்.
கை, கழுத்து, ஓரத்தையல், சாயம்,
சுருக்கம், தாமதம், இப்படி.
பாதிக்குப் பாதி புகார்.
கம்பெனி டீமுக்கு மொழிபெயர்க்க
இது போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
டேபிளில் பட்டன்களைப் பரப்பி
கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து காட்டினார்.

அவர் கதையை
பஸ்ஸில் துண்டு துண்டாகத்தான் கேட்டேன்.
பதினேழு வயதில் இடது ஓரம்.
பதினோரு வருஷம் அதே ஓரம், நாலு கிளப்.
பாதி நேரம் பந்தே வராதாம்.
குளிரில் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பாராம்.
முன்வரிசையில் வெங்காயத்தோடு மீன் தின்கிறவர்கள்
அவர் மனைவி பேரைச் சொல்லித் திட்டுவது
தெளிவாகக் கேட்குமாம்.
நடுவில் ஆடுகிறவனுக்கு இரைச்சல்தான்,
ஓரத்தில் ஆடுகிறவனுக்கு வார்த்தை.
அப்புறம் முழங்கால்.
"துணி கிழியற சத்தமா?"
"இல்லை. பட்டன் தெறிக்கிற சத்தம்."
அப்புறம் கோச்.
மூன்று கிளப், மூன்று கடிதம்,
நாலரை மணிநேரம் பின்தங்கி எழுகிற
ஒரு மகள்.

உள்ளே நின்று மிதித்த கோட்டை
இப்போது வெளியே நின்று மிதிக்காமல் இருக்க வேண்டும்.
நடுவில் நாலு விரற்கடைச் சுண்ணாம்பு.

ஆனி பிறந்து
பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொண்டது.
வெள்ளியங்கிரி அடித்த கிராஸெல்லாம்
கம்பத்தைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயின.
அன்றுதான் அவர் முகம் மாறியது.
புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்த்தார்.
"இவனை எனக்குத் தெரியும்" என்றார், காற்றை.
அவர் சொன்னது நீளம். நான் சொன்னது
"காத்தை எதுத்து அடிக்காதீங்க,
அக்கட்டால அது மேல சாத்தி உடுங்க."
வெள்ளியங்கிரிக்குப் புரிந்தது.
எனக்குத்தான் இன்னும் இல்லை.

கோயமுத்தூரில் செமி ஃபைனல்.
ஒன்றுக்கு ஒன்று. எண்பத்து மூன்றாவது நிமிஷம்.
அன்சாரி நெடுக்க விட்ட பந்து
ஓரத்துக்கு உருண்டது. வெளியே போய்விடும் என்று
துரத்திய வெள்ளியங்கிரியே வேகத்தைக் குறைத்தான்.
காற்று அதைக் கோட்டின் மேலேயே நிறுத்தி வைத்தது.

அவர் இடது கால் நீண்டது.
இஸ்திரி போட்ட பேண்ட், தோல் ஷூ.
பந்து சத்தமே இல்லாமல்
அதன் விளிம்பில் ஒண்டிக்கொண்டது.
கேலரி தன்னை மறந்து கைதட்டிவிட்டது.
எதிர் டீம் கோல்கீப்பர்கூட.

விசில். சிவப்பு அட்டை.
அந்த இடத்திலேயே எதிராளிக்கு ஃப்ரீ கிக்.
அதில் கோல்.

ஐப்பசியில் ஆர்டர் குறைந்து டீமைக் கலைத்தார்கள்.
ஜெர்சிகள் காதர்பேட்டையில்
எழுபது ரூபாய்க்குத் தொங்கின.
பதினொன்றாம் நம்பரை நானே ஒன்று வாங்கினேன்,
ஓரத்தையல் சுத்தமாக இல்லை.
அதெல்லாம் பிறகு.

அன்று மாலை மைக்கை நீட்டினார்கள்.
"ஏன் காலை நீட்டினீங்க?"
ரொம்ப நேரம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்
ஆங்கிலத்தை விட்டுவிட்டு
தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்.
என் ஒன்பதில் ஒன்று.
எத்தனை மெயிலில் படித்திருக்கிறேன்,
வாயால் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

"லேட்டுங்க" என்றேன். "லேட் ஆயிருச்சுன்னு சொல்றார்."

மறுநாள் பேப்பரில், மூன்றாம் பத்தியில்:
நடுவர் தாமதமாக விசில் அடித்ததாகப்
பயிற்சியாளர் புகார்.